கான்ட்ராக்டர் 40 சதவீதம் முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இவர் இரண்டு சிறு பிள்ளைகளோடு மாமியார் வீட்டில் இருக்கிறார். அப்பா இவர் பெயருக்கு எழுதிக் கொடுத்த 5 சென்ட் மனையில், கீழும் மேலுமாக 1,400 சதுர அடியில் வீடு கட்ட வேண்டும். மூன்று பேரிடம் பேசியிருக்கிறார்கள். முதலாவது, டவுனில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கட்டுமான நிறுவனம். சதுர அடிக்கு 1,950 ரூபாய், கையெழுத்தான அன்றே 40 சதவீதம் முன்பணம். அவர்கள் அனுப்பிய 3டி படங்கள் கணவருக்குப் பிடித்துப்போய், எதையும் எழுதிக்கொள்ளாமலேயே ஒரு லட்சம் ரூபாயை அனுப்பிவிட்டார். இரண்டாவது, கணவரின் தாய்மாமா மகன். இருபது வருட அனுபவமுள்ள கொத்தனார். பொருளை வாங்கிக் கொடுத்தால் கூலிக்கு மட்டும் எடுத்துச் செய்கிறேன் என்கிறார். “நம்ம பிள்ளை, அவனிடம் எழுத்து எதற்கு?” என்பது மாமியாரின் பேச்சு. மூன்றாவது, தனியாகத் தொழில் செய்யும் ஒரு சிவில் பொறியாளர். சதுர அடிக்கு 2,450 ரூபாய், ஒன்பது பக்க எஸ்டிமேட், வேலை நடக்க நடக்கப் பணம்.

சகோதரியின் கேள்விகள் இவை: யாரை நம்புவது? நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வாங்கினால் போதுமா? நிறுவனம் ரெரா (ரியல் எஸ்டேட் சட்டம்) பதிவு பெற்றது என்கிறார்கள், அப்படியென்றால் பயப்பட வேண்டாமா? ஏமாற்றினால் போலீஸில் சொல்லிப் பணத்தை வாங்கிவிடலாமா? கொடுத்த ஒரு லட்சம் திரும்பக் கிடைக்குமா? “பெண் தனியாக நின்று கட்டினால் எல்லாரும் ஏமாற்றத்தான் பார்ப்பார்கள் என்கிறார்கள், பயமாக இருக்கிறது” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மனை உங்கள் பெயரில் இருக்கிறது. கட்டிட அனுமதி உங்கள் பெயரில்தான் வரும். ஒப்பந்தத்தில் உரிமையாளராகக் கையெழுத்துப் போடப்போவது நீங்கள். நாளைக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தாலும் மனுதாரர் நீங்கள்தான். ஆகவே ‘வீட்டுக்காரர் ஊரில் இல்லாத பெண்’ என்று உங்களை நீங்களே நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வேலையைக் கொடுப்பவர் நீங்கள்.

இதைக் கணவரிடமும் அன்பாகச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் அவரோடு வாட்ஸ்அப்பில் தனியாகப் பேசி, “சார் சரின்னு சொல்லிட்டாரு” என்று வந்து உங்களிடம் வேலையை மாற்றுவது நம் மாவட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள் கட்டும் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. இரண்டு பேர் உத்தரவு கொடுக்கும் இடத்தில் கூடுதல் செலவு யார் சொல்லி வந்தது என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. கணவர் உங்கள் கணக்குக்குப் பணம் அனுப்பட்டும். அங்கிருந்து வங்கி வழியாக நீங்கள் கொடுங்கள். மாற்றம் எதுவானாலும் உங்கள் எண்ணிலிருந்து, அதற்கான தொகையோடு, எழுத்தில் போகட்டும். அந்தச் செய்திகளை வேலை முடிந்த பிறகும் அழிக்காதீர்கள்.

யாரை நம்புவது என்பதைவிட

நாகர்கோவிலில் வழக்கறிஞராக வீடு கட்டும் தகராறுகளை நிறையப் பார்த்துவிட்டேன். என்னிடம் வந்த வழக்குகளில் எதிர்த்தரப்பில் நின்ற பலர், வேலையை எடுக்கும்போது ஏமாற்றும் எண்ணத்தோடு எடுத்தவர்கள் இல்லை. ஒருவர் நான்கு வீடு எடுக்கிறார். உங்கள் முன்பணத்தில் முன்னால் எடுத்த வீட்டின் மேல் கான்கிரீட்டை முடிக்கிறார். உங்கள் கான்கிரீட்டுக்கு அடுத்து ஒருவர் முன்பணம் தர வேண்டும். புது வேலை வராத மாதத்தில் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். அப்போது யாருடைய பணம் அதிகம் முன்னால் போயிருக்கிறதோ அவர் வீடுதான் லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட்) மட்டத்தோடு நின்று மழையில் பாசி பிடிக்கும். மனிதர் நல்லவராகவே இருந்தாலும் இது நடக்கும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். உங்கள் பணம், உங்கள் மனையில் எழுந்திருக்கும் வேலையைவிட எவ்வளவு முன்னால் ஓடுகிறது? நிறுவனம் சொல்லும் கணக்கில் மொத்தம் 27,30,000 ரூபாய். அதில் 40 சதவீதம் 10,92,000. மனையில் ஒரு கல்கூட விழாத நாளில் கிட்டத்தட்ட பதினொரு லட்சம் அவர் கையில். வங்கிகள் வீட்டுக் கடனைக்கூட ஒரே தவணையில் கொடுப்பதில்லை. வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் விடுவிக்கின்றன. இந்த நிபந்தனையை மாற்ற அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த நிறுவனம் வேண்டாம் என்பதே என் கருத்து. 3டி படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அடுத்து, ரேட். பொறியாளர் கணக்கில் 34,30,000. இரண்டுக்கும் வித்தியாசம் 7 லட்சம். அந்த 7 லட்சம் எங்கே போயிற்று என்று நிறுவனத்திடம் கேளுங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர் தொட்டி, மாடிப்படி மேல் அறை, சுற்றுச்சுவர் எல்லாம் சேர்ந்ததா? சதுர அடி அளக்கும்போது சன்ஷேடையும் போர்டிகோவையும் எப்படிக் கணக்கிடுவார்கள்? அடித்தளம் எத்தனை அடி ஆழம்? கதவு நிலைக்கு என்ன மரம்? டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை? ஜிஎஸ்டி சேர்ந்ததா? பொருளோடு எடுக்கும் ஒப்பந்தத்துக்கு, ஜிஎஸ்டி பதிவு பெற்ற நிறுவனம் 18 சதவீதம் வரி போட வேண்டியிருக்கும். கடைசி பில்லில் அது தனியாக வந்தால் ‘மலிவு’ காணாமல் போய்விடும். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகுதான் இரண்டு ரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

நேரில் போய்ப் பாருங்கள்

சகோதரி, இதற்கு இரண்டு மூன்று சனிக்கிழமைகளைச் செலவு செய்யுங்கள். ஒவ்வொருவரிடமும் மூன்று வீட்டு முகவரி கேளுங்கள்: இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒன்று, போன வருடம் பால்காய்ச்சு நடந்த ஒன்று, ஐந்து வருடம் ஆன ஒன்று. மூன்றாவது வீடுதான் முக்கியம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் நம்முடையது. புது பெயின்ட் எதையும் மறைத்துவிடும், ஐந்து வருட மழை எதையும் மறைக்காது. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள். குளியலறைக்குக் கீழே உள்ள சீலிங்கில் ஈரக்கறை இருக்கிறதா, சன்ஷேடின் அடியில் சிமெண்ட் உதிர்ந்து துருக்கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் சீக்கிரமே கம்பி துருப்பிடித்த வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். உப்புக் காற்றோடு, கம்பிக்கு மேல் கான்கிரீட் போதுமான கனத்துக்கு இல்லாததும் சேர்ந்தால்தான் அந்தச் சீக்கிரத் துரு.

வேலை நடக்கும் இடத்துக்குச் சொல்லாமல் போங்கள். அடியில் கவர் பிளாக் (சிறு கட்டைகள்) வைத்துக் கம்பியைத் தூக்கியிருக்கிறார்களா, அல்லது பலகையிலேயே படுத்திருக்கிறதா? இரண்டு நாள் முன் போட்ட கான்கிரீட் ஈரமாக இருக்கிறதா, காய்ந்து வெளுத்திருக்கிறதா? இந்தியத் தர விதிகளின்படி (ஐஎஸ் 456) சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது வீடுகளில் அதிகம் பயன்படும் பிபிசி போன்ற கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் நனைக்க வேண்டும். இதைப் பார்க்க நீங்கள் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரரிடம் “வேலை நன்றாக இருந்ததா?” என்று கேட்டால் பெரும்பாலும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: பேசிய தொகைக்கு மேல் எவ்வளவு ஆயிற்று? பணம் வாங்கிய பிறகு எத்தனை நாள் ஆள் வராமல் இருந்தது? குடிவந்த பிறகு ஒரு குறை சொன்னீர்களே, எத்தனை நாளில் வந்து பார்த்தார்? அப்புறம், அவர் கம்பியும் சிமெண்டும் எடுக்கும் கடையில் விசாரியுங்கள். கடைப் பாக்கி மலைபோல் இருந்தால் உங்கள் முன்பணம் எங்கே போகும் என்று தெரிந்துவிடும். வேலை செய்பவர்களிடமும் பேசுங்கள். ஊர்க்காரர் ஆனாலும் வடமாநிலத்தவர் ஆனாலும் சனிக்கிழமை கூலி சனிக்கிழமையே கைக்கு வருகிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கான்ட்ராக்டரைப் பற்றி எனக்கு ஒரே ஒரு தகவல்தான் கிடைக்கும் என்றால் இதைத்தான் கேட்பேன்.

உறவுக்காரர் என்றால்

உங்கள் கணவரின் தாய்மாமா மகனை நான் தள்ளவில்லை. பொருள் நீங்கள் வாங்குவதால் பெரிய பணம் உங்கள் கையில்தான் இருக்கும், அது நல்லது. ஆனால் கம்பி, எம்-சாண்ட், ஜல்லி எல்லாவற்றையும் நேரத்துக்கு இறக்க வேண்டும், லோடு அளக்க வேண்டும், மிச்சம் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு தினமும் மனையில் நிற்க முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் மிச்சமாகும் பணம் வீணாகும் பொருளில் போய்விடும்.

எழுதிக் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று மாமியார் நினைக்கிறார். நான் பார்த்தவரை உறவு கெட்டதெல்லாம் எழுதாத இடத்தில்தான். “மேல் பூச்சும் சேர்த்துத்தானே பேசினோம்”, “இல்லை, அது தனி” என்று ஆரம்பித்து, அடுத்த கல்யாணத்துக்குப் போகாமல் இருக்கும் அளவுக்கு வரும். “அண்ணே, அவர் அங்கே இருந்து கணக்குக் கேட்பார், எனக்கு ஞாபகம் இருக்காது, அதனால் எழுதி வைத்துக்கொள்வோம்” என்று நீங்களே சொல்லலாம். அவர் பழகிய தொழிலாளி, அதில் தவறாக எதுவும் எடுத்துக்கொள்ள மாட்டார்.

சட்டத்தில் ஒரு நுணுக்கமும் உண்டு. ஒரு வேலையை முழுதாகப் பேசி ஒருவரிடம் ஒப்படைத்தால் அது நுகர்வோர் சட்டத்தில் ‘சேவை’. தினக்கூலிக்கு ஆள் வைத்து, என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று நீங்களே சொல்லிச் செய்தால், அது தனிப்பட்ட பணி ஒப்பந்தம் என்று எதிர்த்தரப்பு வாதாட இடம் கிடைக்கும். அந்த வகை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே போய்விடும். ஆகவே இவரிடம் கொடுத்தாலும் நாள்கூலியாக வேண்டாம். வேலையை அளவிட்டு, மொத்தக் கூலியாக எழுதிக்கொள்ளுங்கள். சாரத்திலிருந்து யாராவது விழுந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யாருடையது என்பதையும் எழுதுங்கள். அவருடைய ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று பார்ப்பது உங்களுக்கும் அவர்களுக்கும் நல்லது.

இன்னொன்று. “பஞ்சாயத்துக்குள்ளே அனுமதி எல்லாம் வேண்டாம்” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. கிராமப் பஞ்சாயத்திலும் அனுமதி வேண்டும். 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையான மனையில், 3,500 சதுர அடி வரையான வீட்டுக்கு ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். உங்கள் 5 சென்ட் 2,178 சதுர அடிதான். மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் அதிலேயே முடிந்துவிடும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

நூறு ரூபாய் பத்திரமா, இருநூறா என்பதில் ஒப்பந்தத்தின் பலம் இல்லை. நோட்டரி முத்திரை, கையெழுத்துப் போட்டது இவர்தான் என்பதைக் காட்டும். உள்ளே எழுதாத எதையும் அது உங்களுக்கு வாங்கித் தராது. சரியான முத்திரைத்தாள் மதிப்பை எழுதித் தரும் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கவனம் உள்ளே இருப்பதில் இருக்கட்டும்.

பணம் பிரிப்பது: மொத்தத் தொகையில் கையெழுத்தின்போது 5 சதவீதம், பேஸ்மட்டம் முடிந்ததும் 15, லிண்டல் மட்டத்தில் 10, கீழ்த்தளக் கூரை கான்கிரீட் போட்டதும் 20, மாடிக் கூரைக்கு 15, பூச்சு முடிந்ததும் 15, தரை, மரவேலை, வயரிங், பைப் வேலை முடிந்ததும் 10, சாவி கொடுக்கும்போது 5. மீதி 5 சதவீதம் ஒரு முழு மழைக்காலம் கழிந்து ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகு. சதவீதங்களை நீங்கள் பேசிக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். கடைசி 5-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பொருள்: ‘தரமான கம்பி, தரமான சிமெண்ட்’ என்று எழுதினால் நீதிமன்றத்தில் அதற்கு அர்த்தமே இல்லை. கம்பெனிப் பெயர், கம்பியின் தடிமன், இடைவெளி, கான்கிரீட்டின் கிரேடு என்று எழுதுங்கள். கம்பி எடையை நீங்களே சரிபார்க்கலாம்: 12 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டர் சுமார் 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி சுமார் 10.7 கிலோ.

விலை ஏற்றம்: பாதியில் “ஜல்லி விலை ஏறிவிட்டது” என்ற பேச்சு வரும். எந்தப் பொருளுக்கு, எத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் மட்டும் கூடுதல் என்று முன்கூட்டியே எழுதுங்கள். விலை இறங்கினாலும் அதே கணக்கு என்று சேருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே, அந்தப் பலன் வீட்டுக்காரருக்கும் வர வேண்டாமா?

மறைவதற்கு முன் பார்ப்பது: அடித்தளம், கம்பி கட்டு, சுவருக்குள் போகும் பைப் மூன்றும் மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. கான்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை, ஒரு வருகைக்கு இவ்வளவு என்று பேசி, இந்த நேரங்களில் மட்டும் வரச் சொல்லுங்கள். அவர் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கான்கிரீட், அதன் பிறகுதான் அந்தத் தவணை. வீட்டின் மொத்தச் செலவில் இது சின்னத் தொகை. மூன்றாவது நபரான பொறியாளரிடமே வேலையைக் கொடுத்தாலும் இதைச் செய்யுங்கள், தன் வேலையைத் தானே பார்ப்பது சோதனை ஆகாது.

தாமதத்துக்கு வாரத்துக்கு இவ்வளவு கழிவு, இத்தனை நாள் காரணமில்லாமல் வேலை நின்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் உரிமை என்ற இரண்டும் இருக்கட்டும். மழை நாட்களை நியாயமாகக் கழித்துக்கொள்ளுங்கள்.

ரெரா, போலீஸ், நுகர்வோர் ஆணையம்

ரெரா என்பது மனை, அடுக்குமாடி வீடு விற்பவர்களுக்கான சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலம், அல்லது 8 வீடுகளுக்கு மேற்படாத திட்டம் என்றால் அதற்குப் பதிவே தேவையில்லை. உங்கள் சொந்த மனையில் உங்களுக்காகக் கட்டும் வீடு அதற்குள் வராது. அந்த நிறுவனம் வேறு ஏதோ ஒரு திட்டத்துக்கு வாங்கிய பதிவு எண்ணால் உங்களுக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை.

போலீஸ் விஷயத்தில் பலருக்கும் தவறான நம்பிக்கை இருக்கிறது. தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடிக் குற்றம். பாதியில் விட்டுப் போனது பெரும்பாலும் சிவில் தகராறாகத்தான் பார்க்கப்படும். பணம் வசூலித்துக் கொடுப்பது போலீஸின் வேலை இல்லை என்பதை உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது.

உங்கள் கையில் இருக்கும் நல்ல வழி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவது சேவை என்று சட்டத்திலேயே இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே மனு போடலாம். எதிர்த்தரப்பு வெளியூர் என்றாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் போட உரிமை உண்டு. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 20 முதல் 50 லட்சத்துக்கு 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். “செய்து தருகிறேன்” என்ற பேச்சில் அந்த 2 வருடத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: வேலை பாதியில் நின்றால், கோபத்தில் உடனே வேறு ஆளை வைத்துத் தொடராதீர்கள். பழைய வேலை எந்த நிலையில் நின்றது என்பதற்கு ஒரு பொறியாளரின் அறிக்கையும் தேதியிட்ட படங்களும் முதலில் வேண்டும். அதன் மேல் புது வேலை ஏறிவிட்டால் உங்கள் வழக்கின் முக்கியச் சாட்சியம் போய்விடும்.

சரி, மூவரில் யார்? தினமும் மனையில் நிற்க முடியாது என்றால், விசாரணையில் சரியாக வந்தால், மேலே சொன்ன தவணைகளோடு மூன்றாவது பொறியாளர். உங்கள் அப்பாவோ தம்பியோ தினமும் நின்று பார்ப்பார்கள் என்றால், எழுத்தோடும் தனிப் பொறியாளரின் மேற்பார்வையோடும் கணவரின் தாய்மாமா மகன்.

அந்த ஒரு லட்சம்

போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். அதற்காகவே அந்த நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்துவிடவும் வேண்டாம். ஒப்பந்தமே ஆகாத நிலையில் முன்பணத்தை முழுதாக விழுங்கிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. நீங்கள் கேட்டு அவர்கள் பிளான் வரைந்திருந்தால் அதற்கான நியாயமான கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். பணம் கணவர் கணக்கிலிருந்து போயிருப்பதால் அவரும் உங்களோடு சேர்ந்து கேட்பதாக இருக்கட்டும். பணம் அனுப்பிய தேதி, தொகை, பரிவர்த்தனை எண், ஒப்பந்தம் எதுவும் ஆகவில்லை என்பது, பிளான் கட்டணம் இருந்தால் பில்லோடு தெரிவிக்கும்படி ஒரு வரி, மீதியை 15 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பது. ஒரு பக்கம் போதும், கடுமையான வார்த்தை வேண்டாம். ஒப்புகையோடு தபாலில் அனுப்பி, அதே கடிதத்தைப் படம் எடுத்து அவர்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கும் போடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் கடித நகல், ஒப்புகை, வங்கிக் கணக்கு விவரத்தோடு மாவட்ட ஆணையத்துக்குப் போங்கள். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே மனு கொடுக்கலாம்.